கரியரில் கட்டிப் பார்த்த கணினி

"என்ன தேவைக்கு, அன்ரி?" என்று கடைப் பெடியன் கேட்டான்.

போன மாதம், யாழ்ப்பாண நகரத்தில், புதிதாக ஒரு மேசைக் கணினி வாங்கப் போன இடத்தில். நியாயமான கேள்விதான். எழுதவா, படம் வெட்டவா, பிள்ளைகள் விளையாடவா, தேவையைச் சொன்னால் அதற்கேற்றதை எடுத்துத் தருவான். கண் மங்கத் தொடங்கிவிட்டது தம்பி, எழுத்துப் பெரிதாய்த் தெரிய வேண்டும், உள்ளே சுழல்கிற விசிறி இரையக் கூடாது, வேறொன்றும் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் என் கைகள் தம் பாட்டில் ஒரு வேலையைச் செய்துவிட்டன. திரையை இரண்டு பக்கமும் பிடித்து, மேசையிலிருந்து கிளப்பி, நெஞ்சோடு அணைத்துப் பாரம் பார்த்துக்கொண்டு நின்றேன். பெடியன் பதறிப்போனான்.

"அன்ரி, வையுங்கோ, வையுங்கோ! தூக்கிப் பாத்தே இதை வாங்குறது?"

வைத்தேன். இப்போதைய திரைகளுக்குப் பாரமே இல்லை. ஒரு சுளகைத் தூக்குவது போல. அது எனக்கு ஏனோ அழுகையைக் கொண்டுவந்தது. இவ்வளவு பாரமற்ற ஒன்று அந்தக் காலத்தில் இருந்திருந்தால் அக்கா இப்போது எங்கே இருப்பாள் என்று ஒரு கணக்கு மனதுக்குள் ஓடியது. விடை வராத கணக்கு. அப்படியான கணக்குகளைத்தான் இந்த வயதில் நான் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருக்கிறேன்.

சண்டை நின்றிருந்த காலம் அது. நின்றது என்றுதான் பெரியவர்கள் சொன்னார்கள். முடிந்தது என்று எவரும் சொல்லவில்லை. அந்த இரண்டுக்கும் நடுவில் கிடந்த ஒடுக்கமான இடத்தில் நாங்கள் எல்லோரும் கொஞ்சக் காலம் குடியிருந்தோம். பாதை திறந்தது. கொழும்பிலிருந்து லொறிகள் வந்தன. சண்டிலிப்பாயில் எங்கள் குறுகிய ஒழுங்கைக்குக்கூட மின்சாரம் வந்தது. இருட்டிலேயே பிறந்து வளர்ந்த பல்லிகள் பல்பைச் சுற்றிவர, என்ன செய்வதென்று தெரியாமல் விறைத்துப்போய் நின்றன. எனக்கு அப்போது பதினொரு வயது. நானும் அந்தப் பல்லிகளைப் போலத்தான்.

அக்கா உயர்தரப் பரீட்சை எழுதிப் பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி போதாமல் வீட்டில் இருந்தாள். மானிப்பாயில் ஒரு கணினி வகுப்புக்குப் போய் வந்தாள். தமிழ் தட்டச்சில் அவள் கை அப்படி ஓடும். ஓலைக் கூரையில் மழை தொடங்குகிற சத்தம். அதைக் கேள்விப்பட்டு, நகரத்தில் அச்சகம் வைத்திருந்த ஒருவர் சொல்லியனுப்பினார்: வீட்டில் சொந்தமாக ஒரு கணினி இருந்தால் போதும், பிள்ளைக்குக் கல்வெட்டு வேலை தரலாம்.

கல்வெட்டு என்பது கல்லில் வெட்டுவதல்ல. எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால், முப்பத்தோராம் நாளுக்குள் அவருடைய படம், வாழ்க்கை, தேவாரம், வம்சாவளி எல்லாம் சேர்த்து ஒரு சிறு புத்தகம் அடித்து, வந்தவர்களுக்கெல்லாம் கொடுப்பார்கள். அதற்கு அந்தப் பெயர். ஒவ்வொரு வீட்டு அலுமாரியிலும் ஊரில் செத்தவர்கள் ஒருவர்மேல் ஒருவராக அடுக்கப்பட்டிருப்பார்கள். அந்தப் புத்தகங்களின் நடுப்பக்கம் இரண்டிலும் விரிந்து கிடப்பது வம்சாவளி. பூட்டனிலிருந்து பிறந்து கிடக்கிற குழந்தை வரைக்கும், கிளை கிளையாக, கனடாவும் நோர்வேயும் வரைக்கும். அதனால்தான் அச்சகக்காரர் ஒரு விசயத்தை வற்புறுத்தினார்: திரை பெரிதாக இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒருமிக்கத் தெரிய வேண்டும். சின்னத் திரையில் கொப்புத் தெரியும், மரம் தெரியாது.

அக்காவுக்கு அந்த வேலை ஏன் அவ்வளவு வேண்டியிருந்தது என்பது எனக்கும் தெரியும். வீட்டில் எல்லோருக்கும் தெரியும். சுவர் மணிக்கூட்டுக்குப் பின்னால் அம்மா ஒரு படத்தைச் செருகி வைத்திருந்தா. அக்காவுக்குப் பேசிவந்த, சுவிஸில் இருக்கும் ஒருவரின் படம். பனிக்குள் ஒரு காரில் சாய்ந்துகொண்டு நின்றார். நல்ல மனிதர் என்றார்கள். "படிக்கவும் இல்லை, வேலையும் இல்லை, பிறகென்ன பிள்ளைக்குச் சாட்டு?" என்று அம்மா கேட்பா. வேலை இருந்தால் அக்காவுக்கு ஒரு சாட்டு இருக்கும். ஊரில் இருக்க ஒரு சாட்டு, ஒரு காரணம்.

அப்பா படிப்பித்தது பூமிசாஸ்திரம். உலகத்தில் எந்த ஆறு எங்கே போய்க் கடலில் விழுகிறது என்பது அவருக்குத் தெரியும். எங்கள் ஒழுங்கையிலிருந்து எத்தனை பக்கத்தால் வெளியேறலாம் என்பதும் தெரியும். வாசல் நிலையில் ஓர் ஆணியும், ஆணியில் ஒரு பையும், பைக்குள் அடையாள அட்டைகளும் காணி உறுதியும் எங்கள் பிறப்புப் பத்திரங்களும் எப்போதும் இருந்தன. வீட்டில் இரும்பு அலுமாரி கிடையாது. மரக் கட்டில் கிடையாது. எதை வாங்கப் போனாலும் அப்பா முதலில் தூக்கிப் பார்ப்பார். கதிரையை, கடாரத்தை, மா இடிக்கிற உரலைக்கூட. உரல் வாங்கவில்லை. எல்லா அப்பாமாரும் அப்படித்தான் கடைகளில் பாரம் தூக்குவார்கள் என்று நினைத்திருந்தேன்.

எனக்கு நாலு வயதாக இருந்தபோது, ஒரு மழை நாளில், சண்டை நெருங்கி வர, எங்கள் பகுதியான வலிகாமம் முழுவதும் வீடுகளை விட்டு எழுந்து நடந்தது. அந்த நடையில் எங்கள் வீடு இழந்த பொருள் அம்மாவின் தையல் மெஷின். அம்மா அதில் தைத்துத்தான் அக்காவை வளர்த்தா. சைக்கிள் கரியரில் கட்டி நாவற்குழிப் பாலம் வரைக்கும் கொண்டுபோய், பாலத்தடியில் இறக்கி விட்டுவிட்டுப் போனார்களாம். ஏன் விட்டீர்கள் என்று எப்போது கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: "பாரம் கூடிப்போச்சு." அதற்கு மேல் ஒரு சொல் வராது. மெஷின்தான் பாரம் என்று நான் விளங்கிக்கொண்டேன். வேறெப்படி விளங்குவது?

கடைக்கு நாங்கள் மூன்று பேர் போனோம். அப்பா தன் சைக்கிளில், நான் அக்காவின் சைக்கிள் கரியரில். கடைக்காரர் இளம் ஆள். கொழும்பில் படித்துவிட்டு வந்தவர், வாயாடி.

"என்ன வேலைக்குத் தங்கச்சி?"

"கல்வெட்டு அடிக்க" என்றாள் அக்கா.

"அப்ப எங்கடை ஊரிலை உங்களுக்கு வேலை முடியாது."

அக்கா சிரித்தாள். அவர் பெரிய திரையொன்றைப் போட்டுக் காட்டினார். பதினேழு அங்குலம். முன்பக்கம் கண்ணாடி, பின்பக்கம் பலாப்பழம் போலப் புடைத்த முதுகு. அக்கா தான் கொண்டுவந்த பிளொப்பித் தட்டை உள்ளே தள்ளி, பழகுவதற்காகச் செய்து வைத்திருந்த வம்சாவளி ஒன்றைத் திறந்தாள். இரண்டு பக்கமும் தெரிந்தன. ஒரு முழு மரம், வேரும் நுனியுமாக, ஒரே பார்வைக்குள். அந்த வெளிச்சம் அக்காவின் முகத்தில் விழுந்து நின்றது. அவ்வளவு அழகாக அவளை நான் பிறகு கலியாணப் படத்திலும் பார்க்கவில்லை.

"இதுதான் அப்பா. இது போதும் எனக்கு."

அப்பா கிட்டப் போனார். திரையில் என்ன தெரிகிறது என்று பார்க்கவில்லை. பின்னால் கைவிட்டு, முழங்காலை மடித்து, தூக்கினார்.

"சேர், கொம்பியூட்டர் வாங்க வந்தனீங்களோ, கிடாய் வாங்க வந்தனீங்களோ?" என்றார் கடைக்காரர். கடையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் பாதி சிரித்தார். ஆனால் இறக்கி வைக்கவில்லை.

"தம்பி, உது எத்தினை துண்டாய்க் கழரும்?"

"கழட்டுறது ஏன் சேர்? பூட்டினால் பூட்டினபடி கிடக்கும்."

"சாக்குக்கை வைச்சுக் கட்டலாமோ?"

"சாக்குக்கையோ!"

"மழை பட்டால்?"

"வீட்டுக்கை கிடக்கிற சாமானிலை மழை எப்பிடிச் சேர் படும்?"

அப்பா திரையை மெல்ல வைத்தார். "சைக்கிளிலை கட்டிப் பாக்கவேணும்" என்றார்.

"சைக்கிள் எதுக்குச் சேர்? நாங்கள் ஓட்டோவிலை ஏத்திக்கொண்டு வந்து வீட்டிலை பூட்டித் தாறம்."

"அண்டைக்கு உம்மடை ஓட்டோ வருமோ?"

"எண்டைக்கு?"

அப்பா திரும்பித் தெருவைப் பார்த்தார். கடைக்காரரின் சிரிப்பு பாதி வழியில் நின்றுவிட்டது. அவரும் அந்தப் பாலத்தால் நடந்தவராகத்தான் இருப்பார். அந்த வயதுக்காரர் எவர் நடக்கவில்லை? குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "சேர், சமாதானம் வந்திட்டுது."

"ஓம் தம்பி. வந்தது தெரியும். போகேக்கை சொல்லிப்போட்டே போகும்?"

அதற்குப் பிறகு அவர் பகிடி விடவில்லை. தானே திரையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்தார்.

அப்பா சட்டைப் பைக்குள்ளிருந்து, பழைய சைக்கிள் ரியூப்பை நீளநீளமாக வெட்டிய பட்டிகளை எடுத்தார். அவற்றை வீட்டிலிருந்தே கொண்டுவந்திருக்கிறார் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். கணினிப் பெட்டியை அடியில் படுக்கவைத்து, அதன்மேல் திரையை முகம் உள்ளே பார்க்க வைத்து, குறுக்கும் மறுக்கும் இழுத்துக் கட்டினார் அப்பா. கட்டு அழகான கட்டு. நாலைந்து பேர் நின்று பார்த்தார்கள். ஒரு முச்சக்கரவண்டிக்காரர், "மாஸ்டர், ரீவியைச் சந்தைக்கோ கொண்டு போறியள்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

கட்டி முடித்து, நிமிர்ந்து, அப்பா என்னைப் பார்த்தார்.

"ஏறு குஞ்சு."

"எங்கை?"

"பாரிலை."

சைக்கிளின் முன் பாரில் இருந்து நான் பல காலமாகிவிட்டது. அது சின்னப் பிள்ளைகள் இருக்கிற இடம். என்னுடைய வகுப்புப் பிள்ளை ஒருத்தி தாயோடு எதிர்க்கடையில் செருப்புப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணில் படாமல் நான் செத்துப்போக விரும்பினேன். ஆனாலும் ஏறினேன், அப்பாவின் குரல் அப்படி இருந்தது. முழங்கால்கள் ஹாண்டிலில் முட்டின. அப்பா இடது கையால் என்னை வளைத்துப் பிடித்தார். வலது கையால் மட்டும் ஹாண்டிலைப் பிடித்து, தள்ளத் தொடங்கினார்.

சைக்கிள் கொஞ்சத் தூரம் போயிற்று. பிறகு பின்பக்கம் ஆடியது. ஒரு பக்கம் சரியத் தொடங்க, கடைக்காரர் ஓடிவந்து திரையைத் தாங்கிக்கொண்டார்.

"ரெண்டு கையாலையும் தள்ளுங்கோ அப்பா!" என்று அக்கா கத்தினாள். தெருவில் அவள் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. "ஆர் உங்களை ஒரு கையாலை தள்ளச் சொன்னது?"

"ரெண்டு கையும் இராது பிள்ளை."

"அப்ப உவளை இறக்கிப்போட்டுத் தள்ளிப் பாருங்கோ."

அப்பா என்னை இறக்கினார். நான் தெருவோரம் நின்றேன். இப்போது சைக்கிள் நேராகப் போயிற்று. பெரிய திரை கரியரில் ஒரு ராசாவைப் போல ஆடாமல் இருந்தது. அப்பா தள்ளிக்கொண்டு போய், திருப்பிக்கொண்டு வந்தார்.

"பாத்தீங்களே? போகுது!" அக்காவின் கண்கள் மின்னின. "அவளுக்குப் பதினொரு வயசு. அவள் நடப்பாள் அப்பா. என்னெடி, நடப்பாய்தானே?"

"நடப்பன்" என்றேன். எங்கே நடக்க வேண்டும், எப்போது நடக்க வேண்டும், ஒன்றும் தெரியாது. பாரிலிருந்து தப்பினால் போதும் என்று இருந்தது.

அப்பா சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். கரியரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திரும்பவும் கரியரைப் பார்த்தார். ஒரு மனிதன் அவ்வளவு நேரம் எதைத்தான் நிறுக்கிறான் என்று எனக்குச் சலிப்பாக இருந்தது.

"நடப்பாள்" என்றார் கடைசியில். "நித்திரை வந்தால்?"

பட்டப்பகல், உச்சி வெயில், நான் விழித்துக்கொண்டு நிற்கிறேன். இந்த மனிதர் நித்திரையைப் பற்றிக் கதைக்கிறார். அக்கா கைகளைத் தொங்கவிட்டாள். அப்பா பட்டிகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார்.

பிறகு பதினாலு அங்குலத் திரை ஒன்று, யாரோ பாவித்துக் கழித்தது, உள்ளேயிருந்து வந்தது. அதைக் கட்டி, என்னை ஏற்றி, ஒரு கையால் தள்ளிப் பார்த்தார். போயிற்று. கடைக்காரர் மட்டும் அக்காவுக்காக ஒருமுறை வாதாடினார்: "சேர், பிள்ளைக்கு உதிலை வேலை செய்யிறது கஸ்ரம். கண்ணும் போகும்." அக்காதான் அவரை நிறுத்தினாள்.

"விடுங்கோ அண்ணை. சின்னதையே தாங்கோ."

வீடு வந்த வழியைப் பிறகு சொல்கிறேன். வீட்டு வாசலில் அம்மா நின்றா. அம்மா தன் பக்கம் பேசுவா என்று அக்கா நம்பியிருந்தாள். கைத்தொழில் இழந்த ஒருத்திக்குக் கைத்தொழிலின் அருமை தெரியாதா? அம்மா கரியரைச் சுற்றி வந்து, கட்டை விரலால் தட்டிப் பார்த்தா. அப்பாவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டா.

"இவளை வைச்சுப் பாத்தனீங்களோ?"

"ஓம்."

"ஒரு கையாலையோ?"

"ஓம்."

அம்மா தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனா. அக்கா தன் சைக்கிளைச் சுவரில் சாய்க்காமல் அப்படியே கீழே போட்டாள். அதன் மணி ஒருமுறை தானாக ஒலித்தது.

அந்தச் சின்னத் திரையோடு அக்கா மல்லுக்கட்டினாள். இரண்டு பக்கத்தையும் ஒருமிக்கப் பார்க்க வேண்டுமென்றால் எழுத்துகள் எறும்பாகிவிடும். எழுத்தை வாசிக்க வேண்டுமென்றால் ஒரு கொப்பு மட்டும் தெரியும், மற்றக் கொப்புகளெல்லாம் திரைக்கு வெளியே இருட்டில் தொங்கும். மேலும் கீழும், இடமும் வலமும் இழுத்து இழுத்து, மனதுக்குள்தான் அவள் மரத்தைக் கட்டினாள். சில புத்தகங்கள் நன்றாக வந்தன. அச்சகக்காரர் புகழ்ந்தார். அக்கா மணிக்கூட்டுக்குப் பின்னாலிருந்த படத்தை எடுத்து, கவிழ்த்து வைத்தாள். அம்மா அதை நிமிர்த்தவில்லை. நான் அக்கா கணினியை விட்டு எழும்புகிற நேரம் பார்த்து அதில் சீட்டு விளையாடினேன். எனக்கு அந்தத் திரை போதுமானதாக இருந்தது.

ஒரு நாள் காலை படலையைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் வந்தா. வெள்ளைச் சேலை. கையில் கல்வெட்டுக் கட்டு.

"கல்வெட்டு அடிச்ச பிள்ளை எது?"

அக்கா முன்னால் வந்தாள்.

அந்த அம்மாவுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் சண்டையில் போய்விட்டான். இளையவன் நோர்வேயில். வம்சாவளியில் மூத்தவனின் பெயருக்கு முன்னால் இருக்க வேண்டிய 'காலஞ்சென்ற' என்ற சொல், திரைக்கு வெளியே எங்கோ வழுக்கி, ஒரு வரி கீழே இறங்கி, இளையவனின் பெயருக்கு முன்னால் போய் நின்றிருந்தது. முப்பத்தோராம் நாள் வீட்டில் எல்லோருக்கும் கொடுத்து முடித்த பிறகுதான் கண்டிருக்கிறார்கள்.

"என்ரை மனுசன் போய்ச் சேந்தார். மூத்தவனைக் குடுத்திட்டன். மிச்சம் எனக்கு உவன் ஒருத்தன். உயிரோடை இருக்கிறவனைச் சாக்காட்டிப் போட்டியே பிள்ளை, உனக்குக் கண் தெரியாதோ?"

அக்கா அழுதுகொண்டே ஏதோ சொல்லப் பார்த்தாள். அந்த அம்மா அதைக் கேட்கிற நிலையில் இல்லை. முற்றத்து மண்ணில் குந்தியிருந்து, புத்தகம் புத்தகமாகத் திறந்து, விரல் நகத்தால் அந்தச் சொல்லைச் சுரண்டத் தொடங்கினா. தாள் கிழிந்தது, சொல் போகவில்லை. அம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தா. அப்பா பள்ளிக்கூடத்துக்குப் போக உடுத்திருந்த வெள்ளைச் சட்டையோடு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். திரையைப் பற்றி யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. அக்காவும் சொல்லவில்லை. அவள் சொல்லியிருக்கலாம்.

அச்சகத்திலிருந்து பிறகு வேலை வரவில்லை. இனி வேலையை வசதியுள்ள வேறை இடத்திலை குடுக்கிறம் என்று மட்டும் சொல்லியனுப்பினார்கள். ஒரு மாலை அக்கா தானாகப் போய், மணிக்கூட்டுக்குப் பின்னாலிருந்த படத்தை எடுத்து, தூசி தட்டி, அம்மாவின் மடியில் வைத்தாள். "ஓம்" என்றாள். அவ்வளவுதான் கதை. அந்த ஒரு சொல்லை ஒரு வீடு முழுவதும் எத்தனை மாதம் கேட்டுக்கொண்டிருக்க முடியும் என்பது எனக்குப் பிறகு தெரிந்தது.

அவள் போகிற அன்று அப்பா அவளுடைய சூட்கேசைத் தூக்கிப் பார்த்தார். பிளேனில் இவ்வளவுதான் விடுவார்கள் என்று ஓர் அளவு உண்டு. தூக்கி, கொஞ்ச நேரம் வைத்திருந்து, "பாரம் சரி" என்றார். அதை இறக்க மறந்து அப்படியே நின்றார். அக்காதான் கையிலிருந்து வாங்கினாள்.

அவளை ஏற்றிய வான் ஒழுங்கையால் திரும்பிய பிறகு அம்மா வாசற்படியில் இருந்தா. நான் பக்கத்தில் போய் இருந்தேன். கேளாமலே சொன்னா, முன்னால் கிடந்த வெறும் மண்ணைப் பார்த்துக்கொண்டு.

"அண்டைக்குப் பாலத்தடியிலை நீ நித்திரையாப் போனாய். முழிச்சிருக்கிற பிள்ளை பாரமில்லை; ஹாண்டிலைப் பிடிச்சுக்கொண்டிருக்கும். நித்திரைப் பிள்ளை வழுகும். ஒரு கையாலை உன்னைப் பிடிச்சால் மற்றக் கையாலை மெஷினோடை சைக்கிள் போகாது. சனம் பின்னாலை இடிக்குது, மழை. உன்ரை அப்பா உன்னைப் பாக்கிறார், மெஷினைப் பாக்கிறார், என்ரை முகத்தைப் பாக்கிறேல்லை. நான்தான் சொன்னன், மெஷினை இறக்குங்கோ எண்டு."

கேட்டேன். கேட்டதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் பசித்தது. உள்ளே போய்ச் சாப்பிட்டேன்.

சண்டை திரும்பவும் தொடங்கியது. பாதை பூட்டியது. கிழக்குப் பக்கமிருந்து செல் சத்தம் கேட்கத் தொடங்கியபோது, அப்பா ரியூப் பட்டிகளை எடுத்து எண்ணெய் பூசி, சைக்கிள் கரியரில் தொங்கவிட்டார். கணினியின் வயர்களைக் கழற்றிச் சுருட்டி, சாக்கை மடித்துப் பக்கத்தில் வைத்தார். எங்கள் ஊரை எழும்பச் சொல்லி யாரும் சொல்லவில்லை. ஓடுவதற்கென்று பார்த்துப் பார்த்து வாங்கிய அந்தக் கணினி வீட்டைவிட்டு ஒரு நாளும் ஓடவில்லை. பட்டிகள் வெயிலில் வெடித்து உதிர்ந்தன. அப்பா காலமான பிறகும் அது அந்த மூலையிலேயே, முகத்துக்குத் துணி போட்டபடி இருந்தது. அக்கா போனில் அம்மாவின் மருந்தைக் கேட்பாள், கிணற்றுத் தண்ணீரைக் கேட்பாள், மாமரத்தைக் கேட்பாள். அதைப் பற்றி ஒருநாளும் கேட்டதில்லை.

இனி அந்த வழி.

கடையிலிருந்து வருகையில் அக்கா என்னைத் தன் கரியரில் ஏற்றவில்லை. தனியாக முன்னால் போனாள். நான் அப்பாவின் பாரில், முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு, முழங்கால் முட்ட முட்ட வந்தேன். மானிப்பாய் தாண்டியதும் அப்பா இறங்கினார்.

"ஏன் அப்பா?"

"சும்மா. கொஞ்சம் தள்ளிப் பாப்பம்."

இருபக்கமும் புகையிலைத் தோட்டம். பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறிக்கொண்டிருந்தார்கள், ஈர மண் மணத்தது. எனக்கு அப்பாவின் மேல் கோபம். கதைக்கக் கூடாது என்பதற்காகக் கண்ணை மூடி, தலையை ஹாண்டிலில் சாய்த்து, நித்திரை போலக் கிடந்தேன். உடனே அப்பாவின் இடது கை வந்து என்னை வளைத்தது. விலா எலும்பில் அந்தக் கை இறுகியது. சைக்கிள் ஒருதரம் தடுமாறியது. பிறகு நேராகப் போயிற்று. ஒரு கையால். கன தூரம். அப்பாவின் மூச்சு என் உச்சியில் பட்டுக்கொண்டிருந்தது.

"போகுது" என்று தனக்குள் சொன்னார். "போகுது, போகுது."

அவர் சிரிக்கிறார் என்பது கண்ணை மூடியிருந்தும் தெரிந்தது. சின்னக் கணினியைத்தான் அவருக்கு நன்றாகப் பிடித்துவிட்டது என்று நினைத்தேன். முன்னால் வெகுதூரத்தில் அக்காவின் சைக்கிள் சங்கிலி கிறீச்சிட்டுக்கொண்டே போனது. அவள் ஒருமுறையும் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணைத் திறந்தால் அப்பா கையை எடுத்துவிடுவார். அதற்காக, வீடு வரும்வரைக்கும் நான் நித்திரையாகவே இருந்தேன்.